பதினாலாவது கேள்வி

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
தோல் பிரிவைத் தாண்டினால்
மின்விசிறி எட்டாத ஒரு திருப்பம்.
அங்கேதான் என் நாற்காலி.
மடியில் படிவம். செருப்புக்குள் வேர்வை.

பேராசிரியர் சொல்லி அனுப்பினார்:
பெண்கள் மட்டும், மெலனோமா மட்டும்.
உடம்பை அசைத்து வாழ்கிறவர்களுக்குக்
கட்டியின் கனம் குறைந்து வருகிறதா, பார்.

கனம் மில்லிமீட்டரில் வரும்,
ஆய்வகச் சீட்டில், புள்ளி வைத்து.
அசைவு நிமிடக் கணக்கில் வரவேண்டும்,
அவர்கள் வாயிலிருந்து.

செவ்வாய்க்கிழமை ரோஸ்லின் ஞானமலர்.
பாளையங்கோட்டையில் விளையாட்டு ஆசிரியை.
கேள்வி முடியுமுன்பே பதில்:
வ.உ.சி. மைதானம், எட்டுச் சுற்று,
வாரம் ஆறு நாள். முந்நூறுன்னு போட்டுக்கோங்க.
ஒரு சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது
குதிகாலில் மிளகு ஒட்டினதுபோல இருந்ததாம்.
தட்டினாராம், விழவில்லையாம்.
மறுநாள் காலையில் டோக்கன் வாங்கிவிட்டார்.
சீட்டில் பூஜ்யம் புள்ளி ஏழு.
கட்டங்களில் 3, 0, 0.
அழகாக உட்கார்ந்துகொண்டன.

வியாழக்கிழமை முப்புடாதி.
மானூருக்கு வடக்கே, பஸ் திரும்பிப் போகிற ஊர்.
இடது உள்ளங்காலைத் தூக்கி
பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டாள்.

"உடைமுள்ளுன்னுதான் நெனச்சேன்.
ஊக்கு வச்சுக் கிண்டிப் பாத்தேன், முள்ளு வரல.
உள்ளங்கால்ல மச்சம் வந்தா
ஊர் சுத்த வைக்கும்னு மதினி சொன்னா.
சுத்தியாச்சே! மானூரு, சங்கரன்கோவிலு,
இப்பம் ஒங்க ஆஸ்பத்திரி."

எத்தனை நாளா இருக்குக்கா?
"ரெண்டு ஆடி போயிருக்கும்."
சீட்டில் நாலு புள்ளி இரண்டு.
உளுந்தம்பருப்பை நிறுத்தி வைத்த உயரம்கூட இராது.
ஆனால் அந்தச் சீட்டைக் கையில் வாங்குகிற டாக்டர்கள்
குரலைத் தாழ்த்திக்கொள்கிற உயரம்.

பதினாலாவது கேள்வி:
மூச்சு வாங்கும்படியான உடற்பயிற்சி
வாரத்தில் எத்தனை நிமிடம்?

"மூச்சு வாங்குறதுக்கு
நிமிசக் கணக்குல கூலி குடுக்காகளா?"

நடையும் சேரும்க்கா என்றேன். சுமையும் சேரும்.
அவள் விரல் மடக்கினாள்.
தண்ணிக்குப் போய்வர நாப்பது.
ஆட்டைக் கரட்டடிக்குப் பத்திட்டுப் போக நாப்பது,
திருப்பிக் கொண்டாரவும் நாப்பது.
அகத்திக்கட்டு, விறகு, அது ஒரு மணி நேரம்.
ஞாயிற்றுக்கிழமையுமா?
"ஆட்டுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாளா?"

காலை ஒரு தடவைகூடத்
திருப்பிப் பார்க்கவில்லையா என்று
படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்.
"எப்பம் பாக்க?
நடக்கும்போது அது கீழ கெடக்கு.
படுத்தா நான் கெடக்கேன்."

ஓரத்தில் பெருக்கினேன்.
ஆயிரத்து இருநூற்று அறுபது.
கட்டமோ மூன்றே மூன்று.
மூன்றில் அடங்குகிற பெரிய எண்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
கையேட்டின் ஆறாம் பக்கத்தில்
அதற்கு வேறு பொருள் கொடுத்திருக்கிறார்கள்:
பதில் இல்லை.

ஆய்வு முடிந்து படம் வரையும்போது
ரோஸ்லின் ஒரு புள்ளி, முப்புடாதி ஒரு புள்ளி.
இவளுக்கு எந்த எண்ணைப் போட்டால்
கோடு எந்தப் பக்கம் சாயும் என்று
எனக்கு இப்போதே தெரிகிறது.
தெரியாமல் இருந்திருக்கலாம்.

படிவத்தை எட்டிப் பார்த்தாள்.
"நெறைய எழுதினா
வெட்டுததக் கொஞ்சம் கொறைப்பாகளா?
பெருவெரலு மட்டும் இருந்தாப் போதும்,
அதை ஊனித்தான் கரடு ஏறணும்."

தெரியலைக்கா என்றேனா,
ஒன்றும் சொல்லாமல் இருந்தேனா,
இப்போது நினைவில்லை.
பேனா மட்டும் எழுதியது: 1, 2, 6.
மிச்சமிருந்த பூஜ்யம்
கோடு தாண்டி
பக்கத்துக் கேள்வியின் கட்டத்தில் விழுந்தது.

பதினைந்து: வீட்டில் துணைக்கு எத்தனை பேர்?
அதை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.